தாமதத்தின் கணக்கு: சிறு தொழிலுக்கு ஓர் இணையத் தொலைபேசி

பத்துப் பதினைந்து பேர் வேலை செய்யும் ஒரு ஸ்கேன் மையம், ஒரு பின்னலாடை ஜாப் ஒர்க் பட்டறை, ஓர் அச்சகம், ஒரு மோட்டார் உதிரிபாகக் கடை. இப்படிப்பட்ட இடங்களுக்கு இணையத் தொலைபேசி விற்க வருகிறவர்கள் நீட்டும் விலைப்பட்டியல் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். ஆளுக்கு மாத வாடகை எவ்வளவு, எத்தனை நிமிடம் இலவசம், ‘தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்’ என்று பேசும் ஐவிஆர் உண்டா, அழைப்புகளைப் பதிவு செய்யலாமா என்பவை அதில் இருக்கும். உரிமையாளர் பதிலுக்கு இரண்டு கேள்வி கேட்பார்: மொத்தம் என்ன ஆகும்? எங்கள் 100 எம்பிபிஎஸ் இணைப்பு தாங்குமா? இரண்டும் நியாயமானவை. ஆனால் ஆறு மாதம் கழித்து அந்தத் தொலைபேசியில் வாடிக்கையாளர் நிம்மதியாகப் பேசுவாரா, ‘ஹலோ, ஹலோ’ என்று கத்திவிட்டு வைத்துவிடுவாரா என்பதை இந்த இரண்டில் எதுவும் தீர்மானிப்பதில்லை. தீர்மானிப்பது நேரம். பேசிய சொல் எவ்வளவு தாமதத்தோடு மறுமுனையை அடைகிறது, அதன் துண்டுகள் சீராக வந்து சேர்கின்றனவா என்பதே கேள்வி. அந்தத் தாமதத்தில் பெரும்பங்கு, சேவை நிறுவனத்தின் கட்டடத்துக்குள் பிறப்பதில்லை; வாங்குகிறவரின் கடைக்குள், சுவரில் மாட்டிய ரவுட்டரில் பிறக்கிறது. எனவே தேர்வை விலைப்பட்டியலிலிருந்து தொடங்காமல் சொந்தக் கடையை அளப்பதிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே என் வாதம். அளந்து முடித்த பிறகு, நிறுவனங்களிடம் கேட்க வேண்டிய கேள்விகளும் வேறாகிவிடும்.

முதலில் வேகத்தின் கணக்கை முடித்துவிடலாம். உலகத் தொலைபேசிகளின் அடிப்படைத் தரமான ஜி.711, 1972இல் வந்தது. அது குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டில் எழுதுகிறது. ஆக நொடிக்கு 64 கிலோபிட். இணையத்தில் இதை அனுப்பும்போது வழக்கமாக 20 மில்லிநொடிக்கு ஒரு துண்டாக வெட்டுவார்கள். ஒரு துண்டில் 160 பைட் குரல் இருக்கும். அதன் மேல் ஆர்டிபி, யூடிபி, ஐபி என்ற மூன்று முகவரிச் சீட்டுகளுக்காக 40 பைட் ஒட்டப்படும். நொடிக்கு 50 பொட்டலம், ஒவ்வொன்றும் 200 பைட் என்றால் 80 கிலோபிட் ஆகிறது. கேபிள் வழியின் சொந்தச் சீட்டையும் சேர்த்தால் 90 கிலோபிட்டுக்குள் முடிந்துவிடும். பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் போகும் திசையில் ஒரு எம்பிபிஎஸ்-கூட நிரம்பாது. வரும் திசையிலும் அப்படியே. ஜி.729 என்ற சுருக்கும் முறையில் 20 மில்லிநொடிக் குரல் 20 பைட்டாகச் சுருங்கிவிடும். சரக்கைவிட முகவரிச் சீட்டு இரண்டு மடங்கு கனமாகும் அளவுக்குக் குரல் அதில் மெலிந்துவிடுகிறது. ஆகவே 100 எம்பிபிஎஸ் தாங்குமா என்பதற்குப் பதில், அதில் நூறில் ஒரு பங்கே போதும் என்பதுதான். ‘எங்கள் சேவைக்கு அதிவேக இணைப்பு வேண்டும்’ என்று ஒரு விற்பனையாளர் வற்புறுத்தினால் அவர் வீடியோவைப் பற்றிப் பேசுகிறார், அல்லது தான் விற்கும் பொருளே அவருக்குப் புரியவில்லை.

நேரத்தின் கணக்கு இவ்வளவு தாராளமானதில்லை. ஐ.நா. சபையின் கிளையான சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஜி.114 என்ற பரிந்துரையில் ஒரு வரம்பைச் சொல்கிறது: வாயிலிருந்து மறுமுனைக் காதுக்கு 150 மில்லிநொடிக்குள் சேர்ந்தால் பெரும்பாலான உரையாடல்கள் கெடாது, 400 மில்லிநொடியைத் தாண்டும்படி எந்த வலையமைப்பையும் திட்டமிடக் கூடாது. இந்த எண்களுக்குப் பின்னால் மனிதப் பேச்சின் இயல்பு இருக்கிறது. 2009இல் வெளியான ஓர் ஆய்வு, வெவ்வேறு கண்டங்களைச் சேர்ந்த பத்து மொழிகளில் ஒருவர் கேள்வியை முடித்ததும் மற்றவர் பதிலைத் தொடங்க எவ்வளவு இடைவெளி விடுகிறார் என்று அளந்தது. சராசரி ஏறத்தாழ 200 மில்லிநொடி. மொழிகளுக்கிடையே வேறுபாடு இருந்தாலும் அது சிறியதே. நம் காது இந்த இடைவெளிக்குப் பழகியிருக்கிறது. அது நீளும்போது கருவியில் கோளாறு என்று நாம் நினைப்பதில்லை. எதிரே இருப்பவர் தயங்குகிறார் என்றே நினைக்கிறோம். ஒரு பக்கம் 300 மில்லிநொடித் தாமதம் இருந்தால் கேள்வி போய்ப் பதில் வர 600 மில்லிநொடி கூடும். “நாளைக்குச் சரக்கு வந்துவிடுமா?” என்று கேட்ட வாடிக்கையாளர், “வந்துவிடும்” என்ற உறுதியான பதிலுக்கு முன்னால் முக்கால் நொடிக்கும் மேலான மௌனத்தைக் கேட்கிறார். தாமதத்தின் கேடு இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். கரகரப்பை எல்லோரும் லைனின் குற்றமாக எடுத்துக்கொள்வார்கள். தாமதமோ கடைக்காரரின் குணமாகப் பதிவாகிவிடுகிறது. அதைப் பற்றி யாரும் புகார் செய்யப்போவதும் இல்லை.

குரல் நேரத்தைத்தான் கேட்கிறது என்பது இணையத்தின் பிறப்பிலேயே தெரிந்த உண்மை. இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில் 1974இலேயே குரலை அனுப்பிப் பார்த்தார்கள். அந்த முயற்சியை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் டேனி கோஹன். அப்போது உருவாகிக்கொண்டிருந்த டிசிபி, தொலைந்த பொட்டலத்தை மறுபடி வரவழைத்து, வரிசை குலையாமல் ஒப்படைக்கும் நெறி. கோப்புக்கு அது உயிர்நாடி. குரலுக்கோ ஒரு துண்டு தொலைந்தால் தொலைந்ததுதான். அரை நொடி கழித்து அதைக் கொண்டுவந்து தருவதால் பயனில்லை, அதற்காகப் பின்னால் வருவதையும் நிறுத்திவைத்தால் பேச்சே நின்றுவிடும். கோஹனும் மற்றவர்களும் இதை வலியுறுத்தியதன் விளைவாக 1978இல் டிசிபி இரண்டாகப் பிரிக்கப்பட்டது. முகவரி பார்த்து அனுப்பும் வேலை ஐபி என்று தனியாயிற்று. 1980இல், தொலைந்ததைத் தேடிப் போகாத யூடிபி என்ற எளிய நெறி வந்தது. இன்று நாம் பேசும் இணைய அழைப்புகளில் மிகப் பெரும்பாலானவை அதன் மேல்தான் ஓடுகின்றன. ஒரு துண்டு வராவிட்டால் மறுமுனைக் கருவி முந்தைய துண்டின் சாயலில் ஒன்றை இட்டு நிரப்பிவிடும். அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொலைந்தால் காது கண்டுகொள்ளாது. தொடர்ச்சியாக ஐந்தாறு துண்டுகள் போனால்தான் சொல் முறிகிறது.

பொட்டலங்கள் சீரான இடைவெளியில் வருவதும் இல்லை. ஒன்று 20 மில்லிநொடியில் வரும், அடுத்தது 45இல், அதற்கடுத்தது 22இல். இந்த ஏற்ற இறக்கத்துக்கு ஜிட்டர் என்று பெயர். அதைச் சமன்செய்யக் கேட்கும் கருவி சில துண்டுகளைக் கையில் சேர்த்து வைத்துக்கொண்டு பிறகே ஒலிக்கும். ஆக, வழியில் சீர் குலைந்தால் அதற்கு ஈடாகத் தாமதத்தைக் கூட்டித்தான் ஆக வேண்டும். இதை வைத்து 150 மில்லிநொடிச் செலவைப் பார்க்கலாம். துண்டு நிரம்பக் காத்திருக்க 20. சேர்த்து வைக்கும் இடத்தில் 40 முதல் 60 வரை. கருவிகளின் கணக்கீட்டுக்குக் கொஞ்சம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் போகும், அதாவது ஆயிரம் கிலோமீட்டருக்கு 5 மில்லிநொடி. சென்னையிலிருந்து மும்பைக்கு நேர்கோட்டில் ஆயிரம் கிலோமீட்டர்தான். வழி சுற்றிப் போனாலும் நாட்டுக்குள் தூரம் ஒரு பெரிய செலவே இல்லை. எல்லாம் போக 50 மில்லிநொடிக்கும் மேல் மிச்சமிருக்க வேண்டும். அப்படியானால் நொடிக்கணக்கில் குரல் பின்தங்கும் அழைப்புகள் எங்கிருந்து வருகின்றன?

பெரும்பாலும் ரவுட்டருக்குள் நிற்கும் வரிசையிலிருந்து. ரவுட்டருக்குள் வந்து சேரும் பொட்டலங்கள் வெளியேறும் வேகத்தைவிட அதிகமானால், மிஞ்சியவை பஃபர் என்ற நினைவகத்தில் வரிசையாக நிற்கும். நினைவகச் சில்லுகளின் விலை விழுந்தபோது தயாரிப்பாளர்கள் இந்த இடத்தைத் தாராளமாகப் பெருக்கினார்கள். எதையும் தொலைக்காமல் வைத்திருப்பது நல்லதுதானே என்பது அவர்கள் எண்ணம். விளைவு நேர்மாறாயிற்று. டிசிபி, பொட்டலம் தொலைவதைப் பார்த்துத்தான் தன் வேகத்தைக் குறைக்கக் கற்றது. தொலையவே விடாத பெரிய பஃபர் இருந்தால் அது குறைக்காமல் வரிசையை நிரப்பிக்கொண்டே போகும். ஜிம் கெட்டிஸ் என்ற கணினிப் பொறியாளர் 2010 வாக்கில் தன் வீட்டு இணைப்பில் இந்தக் கோளாறை ஆராய்ந்து, பஃபர்ப்ளோட் என்று பெயரிட்டு உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். கணக்கு எளிது. பதிவேற்ற வேகம் ஒரு எம்பிபிஎஸ், பஃபர் 256 கிலோபைட் என்றால் நிரம்பிய வரிசை காலியாக இரண்டு நொடி ஆகும். பதிவேற்றம் 5 எம்பிபிஎஸ், பஃபர் ஒரு மெகாபைட் என்றால் 1.6 நொடி. ஸ்கேன் மையத்தில் ஒருவர் பெரிய படக்கோப்பை மருத்துவருக்கு அனுப்புகிறார், அச்சகத்தில் வடிவமைப்பாளர் நூறு மெகாபைட் கோப்பைக் கிளவுடில் ஏற்றுகிறார், கடையின் சிசிடிவி ஓயாமல் வெளியே படம் அனுப்புகிறது. அந்த நேரத்தில் வரவேற்பறையில் பேசும் பெண்ணின் 200 பைட் பொட்டலம், சுங்கச்சாவடியில் சரக்கு லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட ஆம்புலன்ஸ்போல நிற்கிறது. வேக அளவைச் செயலியில் பார்த்தால் 100 எம்பிபிஎஸ் என்றே காட்டும். அது பொய்யும் இல்லை. அந்தச் செயலி பெரும்பாலும் வரும் திசையின் அகலத்தைப் பெரிய எழுத்தில் காட்டுகிறது, குரல் அவதிப்படுவதோ போகும் திசையின் வரிசையில்.

இதை அளக்கச் செலவு எதுவும் இல்லை. கடையின் கணினியில் ஒரு பிங் கட்டளையை ஓடவிட்டு, யாரும் எதுவும் செய்யாதபோது வரும் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். 10, 20 மில்லிநொடி என்று இருக்கும். பிறகு ஒரு பெரிய கோப்பைப் பதிவேற்றிக்கொண்டே அதே எண்ணைப் பார்க்க வேண்டும். 30, 40க்குள் நின்றால் அந்த இணைப்பு குரலுக்கு ஏற்றது. 300, 800 என்று எகிறினால், உலகிலேயே சிறந்த தொலைபேசி நிறுவனத்தைக் கூட்டி வந்தாலும் அங்கே பேச்சு தடுமாறும். மருந்து இருக்கிறது. கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012இல் கோடெல் என்ற முறையை வெளியிட்டார்கள். பஃபரின் நீளத்தைப் பார்க்காமல் ஒரு பொட்டலம் அதில் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்று பார்த்து, வரிசை தேங்கும்போது முன்கூட்டியே சிலவற்றைக் கைவிடும் முறை அது. அதன் வழிவந்த எஃப்க்யூ-கோடெல், குரல்போன்ற மெலிந்த ஓட்டங்களைக் கனத்த ஓட்டங்களிலிருந்து பிரித்து முன்னே விடவும் செய்கிறது. இந்த வசதி கொண்ட ரவுட்டர்கள் கடைகளில் கிடைக்கின்றன. மாத வாடகையில் ஆளுக்கு ஐம்பது ரூபாய் குறையுமா என்று மூன்று நிறுவனங்களோடு பேரம் பேசுவதைவிட, ஒரு முறை செலவு செய்து அந்த ரவுட்டரை வாங்குவது தரத்தில் பல மடங்கு பலன் தரும்.

ஃபைபர் வந்துவிட்டது, இதெல்லாம் செம்புக் கம்பி காலத்துக் கவலை என்று ஒருவர் மறுக்கலாம். அதில் பாதி உண்மை உண்டு. பதிவேற்றமும் 100 எம்பிபிஎஸ் ஆக இருந்தால் ஒரு மெகாபைட் வரிசை 80 மில்லிநொடியில் காலியாகிவிடும். துன்பம் வெகுவாகக் குறையும். ஆனால் பல சிறு நிறுவனங்களில் இணைப்பின் கடைசிப் பகுதி ஃபைபர் அல்ல, வைஃபை. வைஃபையில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். மற்றவை காற்று ஓய்வதற்காகக் காத்திருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அக்கம்பக்கத்து ரவுட்டர்கள், புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு என்று பங்காளிகள் அதிகம். ரவுட்டரிலிருந்து இரண்டு சுவர் தள்ளி உட்கார்ந்திருப்பவரின் மெதுவான இணைப்பு, அருகில் இருப்பவரின் நேரத்தையும் தின்றுவிடும். ஆகவே ஃபைபர் வந்த இடத்திலும் வரிசை ஒழியவில்லை, இடம் மாறியிருக்கிறது. மேசைத் தொலைபேசிகளுக்குக் கேபிள் இழுத்துவிடுவது பழைய பாணியாகத் தோன்றலாம். ஆனால் ஒரே மேசையில் நாள் முழுக்க இருக்கும் கருவியை வைஃபையில் மாட்ட எந்தக் காரணமும் இல்லை. ரவுட்டரில் எஸ்ஐபி ஏஎல்ஜி என்று ஒரு வசதி இருந்தால் அதை அணைத்து வைப்பது நல்லது. உதவிக்கென்று சேர்க்கப்பட்ட அந்த வசதி, அழைப்பை அமைக்கும் செய்திகளைத் தவறாகத் திருத்தி, ஒரு பக்கம் மட்டும் கேட்கும் அழைப்புகளை உண்டாக்குவதில் பேர்போனது.

இவ்வளவும் கடைக்குள் தீர்க்க வேண்டியது என்றால் நிறுவனத்துக்கு நிறுவனம் என்னதான் வேறுபாடு? உண்டு. முதலாவது, குரல் எந்த ஊர் வழியாகப் போகிறது என்பது. மதுரையிலிருந்து திருநெல்வேலிக்குப் பேசும் அழைப்பை ஒரு நிறுவனம் அமெரிக்கக் கிழக்குக் கரையிலுள்ள சர்வருக்கு அனுப்பி அங்கிருந்து திருப்பிக் கொண்டுவந்தால், போக வர 27,000 கிலோமீட்டர். நேர்கோட்டில் ஒளிக்கே 135 மில்லிநொடி தேவை. கடலடிக் கேபிள்கள் நேர்கோட்டில் போவதில்லை. 150 மில்லிநொடி வரம்பு பேச்சு தொடங்குமுன்பே செலவாகிவிடும். ஆகவே, ‘உங்கள் குரல் சர்வர் எந்த நகரத்தில் இருக்கிறது’ என்று கேட்க வேண்டும். சென்னை, மும்பை என்று உடனே பெயர் சொல்ல முடியாமல் ‘எல்லாம் கிளவுடில் இருக்கிறது’ என்பவர் பதில் சொல்லவில்லை. ‘எச்டி குரல்’ என்ற வாக்குறுதியையும் நிதானமாகக் கேட்க வேண்டும். பழைய தொலைபேசி 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். ‘எஸ்’, ‘எஃப்’ ஒலிகளைப் பிரித்துக் காட்டும் ஆற்றலில் பெரும்பங்கு அதற்கு மேல் இருப்பதால்தான் இமெயில் முகவரி சொல்லும்போது குழப்பம் வருகிறது. ஜி.722 போன்ற அகன்ற முறைகள் 7,000 ஹெர்ட்ஸ் வரை கடத்துகின்றன. ஆனால் மறுமுனையும் இடைவழியும் அதே முறையைப் பேசினால் மட்டுமே அது பலிக்கும். கிளைக்குக் கிளை பேசும்போது கிடைக்கும். வாடிக்கையாளரின் லேண்ட்லைனுக்குப் பேசும்போது கிடைக்காது.

எத்தனை இணைப்பு வாங்குவது என்ற கேள்விக்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட ஒரு கணிதம் பதில் வைத்திருக்கிறது. சிறு தொழில்கள் இதைப் பயன்படுத்தாமல் விடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருவது. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த டென்மார்க்குக் கணிதவியலாளர் அக்னர் கிராருப் எர்லாங், அழைப்புகள் எந்த ஒழுங்கும் இல்லாமல் வந்தாலும் அவற்றின் கூட்டத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு என்று 1909இல் காட்டினார். 1917இல், இத்தனை லைன் இருந்தால் எத்தனை பேருக்கு ‘எங்கேஜ்டு’ ஒலி கேட்கும் என்ற சூத்திரத்தை வெளியிட்டார். பரபரப்பான ஒரு மணி நேரத்தில் 20 அழைப்பு, சராசரியாக ஒவ்வொன்றும் 3 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 60 நிமிடம். அதாவது ஒரு எர்லாங். ‘ஒரு மணி நேரப் பேச்சு, ஒரு மணி நேர லைன், ஒன்று போதும்’ என்று மனக்கணக்கு சொல்லும். எர்லாங்கின் சூத்திரப்படி ஒரு லைன் இருந்தால் அழைப்பவர்களில் பாதிப் பேருக்கு எங்கேஜ்டு. இரண்டு இருந்தால் ஐந்தில் ஒருவருக்கு. மூன்று இருந்தால் பதினாறில் ஒருவருக்கு. நான்கு இருந்தால் நூற்றுக்கு ஒன்றரைப் பேருக்கு. ஐந்து இருந்தால் ஆயிரத்துக்கு மூன்று பேருக்கு. அழைப்புகள் இரண்டு மடங்காகி மணிக்கு 40 ஆனாலும் லைன் இரண்டு மடங்காக வேண்டியதில்லை. நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் வைக்க ஆறு போதும். வெறுத்துப்போய்த் திரும்பத் திரும்ப அழைப்பவர்களை இந்தச் சூத்திரம் கணக்கில் எடுப்பதில்லை, ஆகையால் ஒன்று கூட்டியே வைக்கலாம். இப்போது விலைப்பட்டியலுக்குத் திரும்பினால் ஒரு விஷயம் துலங்கும். சில நிறுவனங்கள் ஆளுக்கு வாடகை கேட்கின்றன, சில ஒரே நேரத்தில் நடக்கும் அழைப்புக்கு வாடகை கேட்கின்றன. பதினைந்து பேரில் ஒரே நேரத்தில் நான்கு பேருக்கு மேல் பேசாத கடைக்கு இரண்டாவது முறை மிகவும் மலிவாக முடியலாம். நாள் முழுக்க எல்லோரும் பேசிக்கொண்டே இருக்கும் முன்பதிவு மையத்துக்கு முதலாவது. ஒரு வாரம் அழைப்புகளைத் தாளில் குறித்து வைத்தாலே எது தனக்கு ஏற்றது என்று தெரிந்துவிடும்.

இவ்வளவு சிரமம் எதற்கு, ஆளுக்கொரு மொபைல் இருக்கிறது, வாட்ஸ்அப் இருக்கிறது என்பது வலுவான மறுப்பு. இரண்டு மூன்று பேர் நடத்தும் கடைக்கு அதுவே சரியான விடை என்றும் நினைக்கிறேன். அங்கே இணையத் தொலைபேசியை விற்பது தேவையில்லாத செலவை ஏற்றுவது. ஆள் கூடும்போது நிலைமை மாறுகிறது. ஒரு மொபைல் எண் ஒருவரின் சட்டைப்பையில் இருக்கிறது. அவர் விடுப்பில் போனால் எண்ணும் போகிறது. வேலையை விட்டுப் போனால் அவரைத் தேடிய வாடிக்கையாளர்களும் போகிறார்கள். ஒரே எண்ணுக்கு வரும் அழைப்பு நான்கு மேசைகளில் ஒருசேர மணியடிப்பது, யாரும் எடுக்காவிட்டால் அடுத்தவருக்குப் போவது, தவறிய அழைப்புகளின் பட்டியல் உரிமையாளருக்குத் தெரிவது ஆகியவைதான் இந்தச் சேவையின் உண்மையான பயன். ஐவிஆர் அலங்காரங்களைவிட இந்த மூன்றும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்ப்பது மேல்.

மின்சாரம் போனால் என்ன ஆகும் என்ற கேள்வி நம் ஊருக்கு மிக அவசரமானது. பழைய லேண்ட்லைனுக்கு எக்ஸ்சேஞ்சில் இருந்த பேட்டரிகள் செம்புக் கம்பி வழியாகவே 48 வோல்ட் அனுப்பின. தெருவே இருண்டாலும் தொலைபேசி உயிரோடு இருந்தது. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஃபைபர் பெட்டி, ரவுட்டர், ஸ்விட்ச், தொலைபேசி ஆகிய நான்கில் ஒன்று அணைந்தாலும் பேச்சு அணையும். பிரிட்டன் தன் பழைய தொலைபேசி வலையமைப்பை 2025 டிசம்பரில் மூட நிச்சயித்திருந்தது. தனியே வாழும் முதியோரின் அபாய அழைப்புக் கருவிகள் அந்தக் கம்பிகளை நம்பியிருந்த கவலையால் கெடுவை 2027 ஜனவரிக்குத் தள்ளிவைத்தது. மின்வெட்டிலும் குறைந்தது ஒரு மணி நேரம் அவசர அழைப்புச் செய்ய வழி வேண்டும் என்று அந்நாட்டு ஒழுங்குமுறை அமைப்பு நிறுவனங்களிடம் சொல்லியிருக்கிறது. நம் கடைகளில் இன்வெர்ட்டர் இருக்கலாம். ஆனால் அது கைமாறும் கணத்தில் ரவுட்டர் அணைந்து மீண்டும் எழ இரண்டு மூன்று நிமிடம் எடுத்துக்கொள்ளும். அதற்கென்றே 12 வோல்ட் மினி யூபிஎஸ் விற்கிறார்கள்; ஃபைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் ஒவ்வொன்று மாட்டினால் அந்த இடைவெளி மறையும். இணைய இணைப்பே அறுந்துபோனால், கடையின் கருவி பதில் தரவில்லை என்று கண்டதும் அழைப்பைக் குறிப்பிட்ட மொபைல்களுக்குத் தானாகத் திருப்பும் வசதி நிறுவனத்தின் பக்கத்தில் இருக்க வேண்டும். இதை வாய்வார்த்தையாக விடாமல், சோதனையின்போது ரவுட்டர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வெளியிலிருந்து அழைத்துப் பார்க்க வேண்டும். ‘99.9 விழுக்காடு’ என்ற உத்தரவாதத்தையும் கணக்கிட்டுப் பார்க்கலாம்: ஆண்டுக்கு எட்டே முக்கால் மணி நேரம் நின்றுபோனாலும் அது வாக்குத் தவறியதாகாது. அந்த எட்டே முக்கால் மணி நேரம் தீபாவளிக்கு முந்தைய நாளாக இருக்கலாம்.

சட்டமும் இதில் உண்டு. இந்தியாவில் 2002 ஏப்ரல் 1 முதல் இணையத் தொலைபேசி குறுகிய வரம்புக்குள் அனுமதிக்கப்பட்டது. 2017இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தந்த பரிந்துரையை ஏற்று, 2018இல் தொலைத்தொடர்புத் துறை வழியை அகலப்படுத்தியது. பிஎஸ்என்எல் தன் ‘விங்ஸ்’ சேவையை அவ்வாண்டே தொடங்கியது. உள்நாட்டு எண்ணும் உள்நாட்டு அழைப்பும் தருகிறவர் உரிமம் பெற்றவராகவோ உரிமம் பெற்றவரோடு முறையான ஒப்பந்தம் உள்ளவராகவோ இருக்க வேண்டும். நம்ப முடியாத மலிவில் வரும் சலுகை, உரிமம் இல்லாத கள்ள வழியில் அழைப்புகளைத் திருப்புவதாக இருக்கலாம். அது பிடிபடும் நாளில் வாடிக்கையாளர் கையிலுள்ள உங்கள் எண்ணும் சேர்ந்தே ஊமையாகும். அதைவிட அன்றாடமான ஆபத்து எண்ணின் உரிமை பற்றியது. மொபைல் எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றும் வசதி 2011 ஜனவரி முதல் நாடெங்கும் இருக்கிறது. 044, 0422 என்று தொடங்கும் நிலையான எண்களுக்கு அது நடைமுறையில் இல்லை. அமெரிக்காவில் எளிய எண்மாற்றத்தை ஒரே வேலைநாளில் முடித்துத் தர வேண்டும் என்பது விதி. அந்நாட்டு அறிவுரைகளைப் படித்துவிட்டு இங்கே முடிவெடுக்கக் கூடாது. இருபது ஆண்டாகப் பெயர்ப்பலகையிலும் பில் புத்தகத்திலும் உள்ள லேண்ட்லைன் எண்ணைச் சரண்டர் செய்யாமல், அதைக் குறைந்த வாடகையில் வைத்துக்கொண்டு புது எண்ணுக்குத் திருப்பிவிடுவதே பாதுகாப்பு. பெரிய நிறுவனம் என்றால் நிலைக்கும் என்ற நம்பிக்கையும் போதாது. 2003இல் தொடங்கி உலகத்துக்கே இணையப் பேச்சைப் பழக்கிய ஸ்கைப், மைக்ரோசாஃப்ட் கையில் இருந்தும் 2025 மே மாதம் மூடப்பட்டது.

பணம் பறிபோகும் வழி ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இணையத்தில் திறந்து கிடக்கும் 5060 என்ற எஸ்ஐபி வாசலைத் தட்டிப் பார்த்து, ‘1001’ போன்ற எளிய கடவுச்சொல் வைத்த எக்ஸ்டென்ஷன்களைத் தேடும் தானியங்கி நிரல்கள் உலகெங்கும் ஓயாமல் இயங்குகின்றன. ஒன்று சிக்கினால் யாரும் கவனிக்காத சனிக்கிழமை இரவில் அதன் வழியாக வெளிநாட்டு உயர்கட்டண எண்களுக்கு அழைப்புகள் பாயும்; கட்டணத்தில் ஒரு பங்கு மோசடிக்காரருக்குப் போகும், பில் கடைக்கு வரும். தேவையில்லாவிட்டால் ஐஎஸ்டியைப் பூட்டச் சொல்லலாம். தேவையென்றால் எந்தெந்த நாடு என்று வரையறுத்து, நாளுக்கு இவ்வளவு என்று செலவு வரம்பு வைக்கச் சொல்லலாம். இந்த வரம்பை வைக்கத் தெரியாத நிறுவனத்தை அங்கேயே விலக்கிவிடலாம். அதோடு, 112க்கும் 108க்கும் இந்தத் தொலைபேசியிலிருந்து அழைப்பு போகுமா, கடையின் முகவரி அங்கே தெரியுமா என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். தெளிவான பதில் வராவிட்டால் அவசரத்துக்கு மொபைலையே எடுக்கும்படி ஊழியர்களிடம் சொல்லிவைக்க வேண்டும்.

கடைசியாகச் சோதனைக் காலம். ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு அழைப்பு பேசிப் பார்த்துவிட்டு ‘நன்றாகத்தான் இருக்கிறது’ என்று கையெழுத்திடுவது சோதனை ஆகாது. திங்கள் காலை, கோப்புகள் ஏறிக்கொண்டிருக்கும்போது, நான்கு மேசைகளிலும் ஒரே நேரத்தில் பேச வேண்டும். அழைப்பு நடக்கும்போதே இரு முனைகளும் எத்தனை பொட்டலம் தொலைந்தது, ஜிட்டர் எவ்வளவு என்று ஒன்றுக்கொன்று அறிக்கை அனுப்பிக்கொள்கின்றன. நல்ல நிறுவனம் ஒவ்வோர் அழைப்புக்கும் இந்த எண்களை வாடிக்கையாளர் பார்க்கும்படி வைத்திருக்கும். அதில் எம்ஓஎஸ் என்று ஒன்று முதல் ஐந்து வரையிலான மதிப்பெண்ணும் இருக்கலாம். பழைய ஜி.711 முறையில் கணக்கிட்டால் எந்தக் குறையும் இல்லாத அழைப்புக்கே 4.4 தான் கிடைக்கும். ஆகவே 4க்கு மேல் நின்றால் திருப்திப்படலாம், 3.6க்குக் கீழே போனால் பேசுபவர்கள் முகம் சுளிப்பார்கள். திசை வாரியாகப் பார்ப்பது இன்னும் பயனுள்ளது. கடையிலிருந்து போகும் குரல் மட்டும் உடைந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது சொந்தப் பதிவேற்ற வரிசையையும் வைஃபையையும். பிங் எண் அமைதியாக இருக்கும்போதும் இரு திசையிலும் குரல் உடைந்தால், அல்லது உள்நாட்டு அழைப்புகள் நன்றாக இருக்க ஒரு குறிப்பிட்ட நெட்வொர்க்குக்குப் போகும் அழைப்புகள் மட்டும் கெட்டால், குறை பெரும்பாலும் நிறுவனத்தின் பக்கம். அந்த எண்களைத் தேதியோடும் நேரத்தோடும் எடுத்து அனுப்பினால் நிறுவனத்தின் பொறியாளர் பதில் சொல்லியே ஆக வேண்டும். அவர் சொல்லும் பதிலின் தரத்தையும் பார்த்துவிட்டு ஆண்டு ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசலாம். அதுவரை மாத வாடகையில் இருப்பதே சரி.